தவறிப்போன ஓர் அடி

டும்... டும் டும்... டாக்! ‘பி மை பேபி’ பாட்டு இப்படித்தான் தொடங்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த டிரம்ஸை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பேன். வீட்டில் திட்டு நிச்சயம். பாட்டு பதிவானது 1963-இல், லாஸ் ஏஞ்சல்ஸின் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில். இரண்டாவது தட்டில் விழவேண்டிய ஸ்னேர் அடி தவறிப்போக, நான்காவதில் மட்டும் அடித்துச் சமாளித்தேன் என்பார் டிரம்மர் ஹால் பிளெய்ன். தப்பு நிலைத்துவிட்டது. தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் சின்ன அறைக்குள் கித்தார், பியானோக்காரர்களை நெருக்கி உட்காரவைத்து, அந்தச் சத்தத்தை எதிரொலி அறைக்குள் விட்டுப் பதிவுசெய்வார். பாடகி ரோனி பாடிப் பழகியதோ ஸ்டுடியோவின் பெண்கள் கழிவறையில். அங்கேயும் எதிரொலிக்குக் குறைவில்லை! அவருடைய ரோனெட்ஸ் மூவர் குழுதான். ஆனால் இந்தப் பாட்டில் அவர்களில் ரோனி மட்டுமே பாடியிருக்கிறார். பின்பாட்டுக்கு நின்றவர்களில் ஒருவர், அப்போது பதினேழு வயதான பாடகி ஷேர். பாட்டுக்கு பில்போர்டு தரவரிசையில் இரண்டாம் இடம்.