ஒளிரும் சாயம் சொல்லும் உண்மை

“அம்மாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது.” ஞாபகம் தடுமாறும் முதியவர்களைப் பற்றி எமது ஊர்களில் இப்படிச் சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். சாப்பிட்ட கையோடு, சாப்பாடு தரவில்லை என்கிறார். காசை எங்கோ வைத்துவிட்டு, மகள் எடுத்ததாகக் குற்றம் சாட்டுகிறார். அயலவர் அதை நம்பி மகளைத் தூற்றுகின்றனர். போரில் கணவனை இழந்து, பிள்ளைகளையும் தாயையும் தனியே பராமரிக்கும் பெண்ணுக்கு இது இன்னொரு பாரம். செய்வினை என்று நூல் கட்ட அழைத்துச் செல்வோரும் உண்டு.

ஆனால் இது அந்தத் தாயின் பிடிவாதமும் அல்ல, பேயின் வேலையும் அல்ல. மூளையில் ஏற்படும் மாற்றமாக இருக்கலாம். அந்த மாற்றத்தைக் கண்ணால் காண உதவியவை, துணிக்கு நிறமூட்டும் சாயங்கள்!

எமது உடலின் பெரும்பாலான வேலைகளைச் செய்பவை புரதங்கள். ஒவ்வொரு புரதமும் நீண்ட நூல் போன்றது. உரிய விதத்தில் மடிந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். முட்டையின் வெள்ளைக்கருவைச் சூடாக்கினால் அது வெண்மையாக உறைகிறதல்லவா? மடிப்புக் குலைந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே அதற்குக் காரணம். மூளையில் சூடு இல்லாமலே சில புரதங்கள் பிழையாக மடிந்து, திரண்டு, மிக நுண்ணிய நார்களாகப் படிகின்றன. இப்படியான படிவுகளை அமிலோயிட் என்பர்.

1901ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநல வைத்தியசாலையில் அவுகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண் அனுமதிக்கப்பட்டார். ஞாபக இழப்பும் கணவர் மீதான காரணமற்ற சந்தேகமும் அவரை வாட்டின. 1906இல் அவர் இறந்த பின், வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் அவரது மூளையை வெள்ளிச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நரம்புக்கலங்களுக்கு இடையே படிவுகளும் கலங்களுக்குள்ளே சிக்கலான நார்களும் தெரிந்தன. அவர் பெயராலேயே இந்நோய் இன்று அறியப்படுகிறது.

பருத்தித் துணிக்கென உருவாக்கப்பட்ட கொங்கோ சிவப்பு என்ற சாயம் அமிலோயிட்டில் ஒட்டுவதை 1922இல் பென்கோல்ட் கண்டறிந்தார். 1959இல் வசாரும் கல்லிங்கும் தயோபிளேவின் ரி என்ற ஒளிரும் சாயத்தை அறிமுகப்படுத்தினர்.

புறஊதா விளக்கின் கீழ் வங்கியில் காசுத்தாளைப் பிடித்தால், சாதாரண வெளிச்சத்தில் தெரியாத அடையாளங்கள் ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அவ்வாறானதே. தயோபிளேவின் மூலக்கூறின் இரு பகுதிகளும் தண்ணீரில் தாராளமாகச் சுழலும். அப்போது பெற்ற ஒளிச்சக்தி வீணாகிவிடும். அமிலோயிட் நாரின் பள்ளங்களில் சிக்கியதும் சுழற்சி தடைப்பட, அச்சக்தி நீலப்பச்சை ஒளியாக வெளிவருகிறது. ஆய்வுகூடத்தில் புரதத்தோடு இச்சாயத்தைக் கலந்து, ஒளி கூடும் வேகத்தை அளந்தால் புரதம் திரளும் வேகம் தெரியும். திரள்வதைத் தடுக்கக்கூடிய மருந்துகளையும் இவ்வாறே சோதிக்கின்றனர். மருந்தே சாயத்தை விலக்கியும் ஒளியைக் குறைக்கலாம் என்பதால், வேறொரு முறையாலும் சரிபார்ப்பர்.

இச்சாயத்தைச் சற்று மாற்றி, கதிரியக்கக் காபன் சேர்த்து, அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தினர் ஒரு பொருளை உருவாக்கினர். 2002இல் சுவீடனின் உப்சாலாவில், உயிரோடிருக்கும் நோயாளியின் மூளைப் படிவுகளை அதன் மூலம் படம் பிடித்தனர். இங்கு ஒளிக்குப் பதிலாகக் கதிர்வீச்சே அளக்கப்படுகிறது.

படிவு இருந்தும் ஞாபகம் குன்றாதவர்களும் உண்டு. ஆகவே படம் மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை. 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் என்ற மருந்தும் ஆரம்ப நிலையில் நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கிறதேயன்றிக் குணப்படுத்துவதில்லை.

அப்படியானால் இந்த அறிவு எமக்கு எதற்கு? முதலாவதாக, எல்லா மறதியும் இந்நோய் அல்ல. தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, சில மருந்துகள், நீண்டகாலத் துக்கமும் மனச்சோர்வும் ஞாபகத்தைக் குலைக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. “போரில் பட்ட துன்பம்தானே” என்றோ “வயது போனால் அப்படித்தான்” என்றோ வீட்டில் வைத்திராமல் அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாற்றங்கள் எப்போது தொடங்கின, என்னென்ன மருந்து எடுக்கிறார் என்பதைக் கொப்பியில் எழுதிக் கொண்டு போனால் வைத்தியருக்குப் பேருதவி.

இரண்டாவதாக, இறந்துபோன மகனைத் தாய் தேடினால் ஒவ்வொரு முறையும் “செத்துப் போனான்” என்று திருத்த வேண்டாம். அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதிய சாவு. “தம்பியை நினைச்சிட்டீங்களோ அம்மா, அவனைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று பக்கத்தில் இருங்கள்.

மூன்றாவதாக, பராமரிப்பு ஒரு மகளின் கடமை மட்டுமல்ல. சகோதரர்களும் உறவினரும் முறைவைத்துப் பொறுப்பேற்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். தாய் வேண்டுமென்று செய்யவில்லை, மகளும் குறை வைக்கவில்லை என்பதை அயலவரும் அறியட்டும்.