மடிப்புக்குள் சிக்கிய பெயர்

தலைமுடியில் விழுவதும் சிக்கு. வழக்கில் ஒருவர் மாட்டிக்கொண்டால் அதுவும் 'சிக்கினார்'தான். 'இம்ப்ளிகேட்' என்ற ஆங்கில வினைச்சொல்லும் இப்படித்தான் நீதிமன்றப் படியேறியிருக்கிறது. லத்தீனில் 'பிளிகாரே' என்றால் மடித்தல். 'இம்ப்ளிகாரே' என்றால் உள்ளே வைத்து மடித்தல், பின்னிப் பிணைத்தல். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் பின்னிப் பிணைத்தல் என்ற பொருள் இதற்கு இருந்தது. குற்றத்தில் ஒருவருக்குத் தொடர்பு இருப்பதாகக் காட்டுவது என்ற பொருள் பிறகு வந்து நிலைத்தது.

அதே மடிப்பிலிருந்து எத்தனை சொற்கள்! சிக்கலானதைச் சொல்லும் 'காம்ப்ளிகேட்டட்', மடிப்பைப் பிரித்துக் காட்டும் 'எக்ஸ்ப்ளிசிட்', சொல்லாமல் சொல்லும் 'இம்ப்ளை', உடந்தையாளரைக் குறிக்கும் 'அகாம்ப்ளிஸ்' எல்லாம் ஒரே குடும்பம்.

'இம்ப்ளிகேட்' என்ற வினை தீர்ப்பு எழுதுவதில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு சாட்சி ஒருவரை இம்ப்ளிகேட் செய்யலாம். கதவில் பதிந்த கைரேகையும் செய்யலாம். அவர் பெயர் மடிப்புக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். குற்றம் செய்தாரா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். நம் ஊர் ஜாமீன் மனுக்களில் 'பொய்யாகச் சிக்கவைக்கப்பட்டார்' என்று எழுத இடமிருப்பதும் இதனால்தான். செய்தியை மொழிபெயர்க்கும்போது இந்த இடத்தில் 'குற்றவாளி' என்று போடுவது பெரும் பிழை.

விஞ்ஞானிகளும் இந்தச் சொல்லை இதே எச்சரிக்கையோடு எடுக்கிறார்கள். ஒரு மரபணு ஒரு நோயில் 'இம்ப்ளிகேட்டட்' என்றால், சந்தேகப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது என்று பொருள்.

அந்தப் பட்டியலிலிருந்து ஒரு கிருமி கூண்டேறிய கதை உண்டு. 1980களின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், மருத்துவர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பை அழற்சியும் புண்ணும் உள்ளவர்களின் வயிற்றில் வளைந்த ஒரு பாக்டீரியாவைப் பார்த்தார்கள். இன்று அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. ஆனால் சம்பவ இடத்தில் நின்றதாலேயே அதுதான் செய்தது என்று ஆகிவிடுமா? புண்ணான இடத்தில் பிறகு வந்து குடியேறியதாகவும் இருக்கலாமே. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டல், வாந்தி. உள்நோக்கிக் கருவியால் பார்த்தபோது இரைப்பையில் அழற்சி. புண் வரவில்லை, ஆகவே வழக்கு முடியவில்லை. ஆண்டிபயாடிக் கொடுத்துக் கிருமியை ஒழித்தால் பெரும்பாலோருக்குப் புண் திரும்புவதில்லை என்று பின்னர் நடந்த சோதனைகள் காட்டின. அதன் பிறகுதான் மருத்துவர்கள் 'தொடர்புடையது' என்பதை விட்டு, 'காரணம்' என்று எழுதினார்கள்.