பெயர்ப்பலகையே சாட்சி

முதல் உலகப் போரின்போது, 1915 மே 7 அன்று லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. சுமார் 1,200 பேர் பலி. கப்பல் ஊழியர்களில் பலர் லிவர்பூல்காரர்கள். இழவு விழுந்த அந்த ஊரில், ஜெர்மன் பெயர் தாங்கிய பன்றி இறைச்சிக் கடைகளைக் கூட்டம் அடித்து நொறுக்கியது. பெரும்பாலும் ஜெர்மனியின் வுர்ட்டம்பர்க் பக்கமிருந்து வந்து, தலைமுறையாக அங்கேயே தொழில் செய்த குடும்பங்கள் அவை. பிரிட்டிஷ் படையில் பிள்ளைகள் இருந்த வீடும் தப்பவில்லை.

கலவரம் லண்டனுக்கும் பரவியது. கிழக்கு லண்டனில் ரொட்டிக் கடைக்காரர்கள்தான் முதல் இலக்கு. ரஷ்யாவிலிருந்து வந்த யூதர்களின் பெயரும் ஜெர்மன் போலவே ஒலிக்கும். ‘நாங்கள் ரஷ்யர்கள்’ என்று கடைவாசலில் எழுதி ஒட்டினார்கள். கண்ணாடி உடைந்த கையோடு மாவு மூட்டையும் மேசை நாற்காலியும் பியானோவும் தெருவுக்கு வந்தன. வெறும் ஆத்திரம் என்றால் அவை ஏன் தள்ளுவண்டி ஏறின?

வியாபாரப் போட்டி அதற்கு முன்பே புகுந்துவிட்டது. தேநீர்க் கடைகளுக்குப் பேர்போன லயன்ஸ் நிறுவனத்தின் இயக்குநர்கள் ஜெர்மானியர்கள் என்று 1914-லேயே வதந்தி கிளம்பியது. லயன்ஸ் நீதிமன்றம் போய்த் தடையாணை வாங்கியது. யார்மீது? இலங்கைத் தேயிலையால் நமக்கெல்லாம் தெரிந்த லிப்டன் நிறுவனத்தின்மீது!

அரசாங்கம் கல்லெறியவில்லை, சட்டம் போட்டது. பெர்லினைச் சேர்ந்த பெக்ஸ்டைன் பியானோ நிறுவனம் லண்டன் விக்மோர் தெருவில் தன் பெயரிலேயே ஓர் இசையரங்கு கட்டி 1901-இல் திறந்திருந்தது. கட்டுமானச் செலவு மட்டும் ஒரு லட்சம் பவுண்டு. எதிரிச் சொத்து என்று அதைப் பறித்து, 1916-இல் அரங்கு, அலுவலகம், 137 பியானோக்கள் எல்லாவற்றையும் சேர்த்து 56,500 பவுண்டுக்கு விற்றார்கள். வாங்கியது டெபன்ஹாம்ஸ் என்ற ஜவுளி நிறுவனம். தேசபக்தியில் இவ்வளவு மலிவாக இன்னொரு கொள்முதல் நடந்திருக்குமா தெரியவில்லை. மறு ஆண்டு ‘விக்மோர் ஹால்’ என்று அரங்கு மறுபடி திறந்தது.

அதே 1917-இல் கோதா என்ற ஜெர்மன் விமானங்கள் லண்டன்மீது குண்டு வீசின. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் குடும்பப் பெயரோ சாக்ஸ்-கோபர்க்-கோதா. ஜூலை 17-இல் ஓர் அறிவிப்பு வந்தது, குடும்பம் ‘விண்ட்சர்’ ஆனது. ரொட்டிக் கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. பலரை முகாமில் அடைத்தார்கள்; போர் முடிந்ததும் நாடு கடத்தினார்கள். 1914-இல் பிரிட்டனில் சுமார் 57,000 ஆக இருந்த ஜெர்மானியர் எண்ணிக்கை, 1919-இல் 22,000 சொச்சம்.

பெக்ஸ்டைன் நிறுவனம் 2024-இல் அதே விக்மோர் தெருவில், அதே பழைய பெயரில் புதிதாக ஓர் அரங்கு திறந்தது.