மலையேறும் இரைச்சல்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சனி, ஞாயிறு விடியற்காலையில் பைக்குகள் கூட்டமாக ஏறும்போது, வண்டி எந்த வளைவில் கியர் மாற்றுகிறது என்பது மேலே வீட்டுக்குள் படுத்திருப்பவருக்கும் கேட்கிறது. கோடை விழா நடக்கும் மே மாதத்தில் ஏரிக்கரையை ஒட்டிக் குடியிருப்பவர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள். சுற்றுலா ஊர் என்றால் இப்படித்தான் என்று பொறுத்துப் போகிறோம். பொறுக்க வேண்டியதில்லை. இது உடலைக் கெடுக்கிற விஷயம்.

தூங்கும்போதும் காது விழித்திருக்கிறது

கண்ணை மூடலாம், காதை மூட முடியாது. வெடிச்சத்தத்தோடு ஒரு பைக் வாசலைக் கடந்தால், நாம் விழிக்காவிட்டாலும் இதயத் துடிப்பு கூடுகிறது. அட்ரினலின், கார்ட்டிசால் சுரக்கின்றன. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. ஓர் இரவு என்றால் உடல் சமாளித்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் ரத்தக் கொதிப்புக்கும் மாரடைப்புக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஐரோப்பாவுக்காக உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாலை இரைச்சல் இரவில் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை அதே 45தான் சொல்கின்றன, பகலில் 55.

இந்த எண்களைச் சாதாரணமாகப் பார்க்கக் கூடாது. 10 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. 55க்கும் 85க்கும் நடுவே ஆயிரம் மடங்கு.

உயரமும் குளிரும்

இரைச்சலோடு புகையும் சேர்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தைவிட இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. சேலத்தில் ட்யூன் செய்த பழைய கார்புரேட்டர் வண்டி மேலே வந்ததும் காற்று போதாமல் பெட்ரோலை முழுதாக எரிப்பதில்லை. ஏற்றமும் குளிர்ந்த எஞ்சினும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு இன்னும் அதிகம். அந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். பனிக்கால விடியலில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும்போது புகையும் அங்கேயே தங்குகிறது. தரையை ஒட்டிய அந்தக் குளிர் அடுக்கு சத்தத்தையும் கீழ்நோக்கி வளைத்து நெடுந்தூரம் கொண்டுபோகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பள்ளிக்கு நடக்கும் குழந்தைகள் அந்த நேரத்தில்தான் சாலையோரம் இருக்கிறார்கள்.

மொபெட் வேறு, மாற்றிய சைலன்சர் வேறு

நாகலூர் போன்ற மலைக் கிராமங்களில் மிளகு மூட்டையும் காப்பி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில்தான் போகின்றன. அந்த வண்டியை ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி பெட்ரோலோடு ஆயிலையும் எரிப்பதால் நீலப்புகை விடும். அளவாக ஆயில் கலந்து, சைலன்சரில் அடைந்த கரியை நீக்கி, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தாலே புகை கணிசமாகக் குறையும்.

சைலன்சரைக் கழற்றிச் சத்தத்துக்காகவே வேறொன்றைப் பொருத்துவது அப்படியல்ல, தெரிந்தே செய்வது. 80 முதல் 175 சிசி வரையான புது வண்டிக்கே 77 டெசிபல்தான் உச்சவரம்பு. புகையைச் சைலன்சர் வழியாக விடாத வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவில் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்து 2,000 ரூபாய் அபராதம். ஒலி, காற்று மாசு வரம்பை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ உண்டு. வார இறுதிகளில் அடிவாரத்திலேயே இந்த வண்டிகளை நிறுத்திச் சோதித்துத் திருப்பி அனுப்புவதே நியாயம். மேலே வந்தபின் பிடிப்பதில் பயன் குறைவு.

நாம் செய்யக்கூடியவை

புகைச் சான்றிதழைத் தேதி தவறாமல் புதுப்பியுங்கள்: பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, பழையவற்றுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை. வாசலில் யாருக்காவது காத்திருக்கும்போது எஞ்சினை அணையுங்கள். சாலையோர வீடானால் படுக்கையையும் தொட்டிலையும் பின்னறைக்கு மாற்றுங்கள். பைக் பயணத்துக்குப் பின் காதில் ‘ஙொய்’ என்ற ரீங்காரம் மறுநாளும் நிற்கவில்லை என்றால், தானாகச் சரியாகும் என்று விடாமல் காது மருத்துவரைப் பாருங்கள்.