போத்தலில் உறையும் எண்ணெய், தாங்கியில் உறையும் டீசல்

மார்கழி, தை மாதங்களில் கற்பிட்டிப் பக்கம் விடியற்காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துப் பாருங்கள். முதலில் அடியில் ஒரு மங்கல் தெரியும். பிறகு கடுகளவு வெள்ளைப் பருக்கைகள். குளிர் கொஞ்சம் கூடினால் போத்தலைக் கவிழ்த்தாலும் எண்ணெய் இறங்காது. வெயிலில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸில் உருகுவது. புத்தளக் கரையின் குளிர்ந்த விடியல்களோ 22 பாகையை ஒட்டி இறங்கும்.

இமயமலையின் லடாக்கில் லொறியின் டீசல் தாங்கிக்குள் நடப்பதும் இதேதான். மங்கல், பருக்கை, கட்டி என்ற வரிசைகூட மாறுவதில்லை.

சிலாபத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகுக்காரர் டீசல் உறைந்து பார்த்திருக்க மாட்டார். ஆனால் உறைவதற்கான பொருள் அவருடைய தாங்கியிலும் இருக்கிறது. டீசல் என்பது ஏறக்குறைய பத்து முதல் இருபதுக்கு மேல் காபன் அணுக்கள் கோர்த்த எத்தனையோ மூலக்கூறுகளின் கலவை. அவற்றுள் வளைவோ கிளையோ இல்லாத நேர்ச் சங்கிலிகள்தான் மெழுகு. 18 காபன் கொண்ட சங்கிலியைத் தனியாகப் பிரித்தெடுத்தால் அது 28 பாகையிலேயே உறைந்துவிடும். 20 காபன் கொண்டது 36 பாகையில். அதாவது புத்தளத்துக் காற்றிலேயே கட்டியாக இருக்க வேண்டியவை. மற்ற மூலக்கூறுகள் அவற்றைக் கரைத்து வைத்திருப்பதால்தான் டீசல் தெளிவாக ஓடுகிறது. பாலாவி உப்பளத்தில் நீர் வற்ற வற்ற, கரைந்திருந்த உப்பு படிகமாக வெளியே வருகிறதல்லவா? டீசலில் வற்றுவதற்குப் பதிலாகக் குளிர்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் மெழுகை முழுவதுமாக நீக்கிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் இயற்கை ஒரு கடினமான பேரம் பேசுகிறது. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றில் எரிபொருள் தானாகவே பற்ற வேண்டும். அதில் கைதேர்ந்தவை இந்த நேர்ச் சங்கிலிகளே. 16 காபன் கொண்ட செட்டேனுக்கு நூறு மதிப்பெண் கொடுத்து, அதை வைத்துத்தான் உலகம் முழுவதும் டீசலின் தரத்தை அளக்கிறார்கள். அந்தச் செட்டேன் 18 பாகையில் உறைகிறது! நன்றாகப் பற்றுவதே முதலில் உறைகிறது.

தாங்கி முழுவதும் கல்லாக வேண்டியதில்லை. நூற்றில் இரண்டு பங்கு மெழுகு பிரிந்தாலே போதும். மெல்லிய தகடுகளாக வளரும் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னி, மீதித் திரவத்தைத் தமக்குள் சிறைப்பிடிக்கும். அதற்கு முன்பே பில்டர் அடைத்துவிடும். அதன் துளைகள் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு, சிலவற்றில் அதைவிடவும் சிறியவை. இயந்திரம் சற்று இருமி நின்றுபோகும்.

லடாக்கின் சாரதிகள் தாங்கிக்குக் கீழே நெருப்பு மூட்டிப் பார்த்தார்கள், மண்ணெண்ணெய் கலந்தார்கள். மண்ணெண்ணெயின் சங்கிலிகள் குட்டை என்பதால் அது பலன் தரும், ஆனால் இயந்திரத்துக்கு வேண்டிய வழுவழுப்புக் குறையும். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த குளிர்கால டீசலை அங்கே விற்கத் தொடங்கியது. மைனஸ் 33 பாகை வரை அது ஓடும்.

பல நாடுகளில் டீசலுடன் மிகச் சிறிதளவு பலபகுதியமும் சேர்க்கிறார்கள். அது படிகம் உண்டாவதைத் தடுப்பதில்லை. வளரும் படிகத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு தகடாக விரியவிடாமல் செய்கிறது. சிறு துணுக்குகளாகவே நின்றுவிட்ட மெழுகு பில்டரில் படிந்தாலும், இடைவெளிகளூடாக டீசல் கசிந்து போய்விடும்.

தேங்காய் எண்ணெயையும் இப்படிப் பழக்கலாம். மெதனோலுடன் வினைபுரியவைத்துக் கிளிசரினைப் பிரித்தெடுத்தால் கிடைக்கும் எரிபொருள், பாகை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினாலும் ஓடும். பிலிப்பைன்ஸ் 2007 முதல் அதை டீசலில் சட்டப்படி கலந்து வருகிறது. கற்பிட்டியின் எந்தக் குளிருக்கும் அது தாங்கும். லடாக்கின் பனிக்காலத்துக்குத் தாங்காது.