டி.என்.ஏ.வுக்குப் புது எழுத்து வேணுமா? முதல்ல கணக்குப் போடுங்க!

ஏ-க்கு ஜோடி டி, ஜி-க்கு ஜோடி சி. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணினது ஞாபகம் இருக்கா? ஏ-டி நடுவே 2 ஹைட்ரஜன் பிணைப்பு, ஜி-சி நடுவே 3. ஆனா இந்த நாலு எழுத்தோடு நிறுத்திக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. 2019-ல் அமெரிக்காவின் ஸ்டீவன் பென்னர் குழு எட்டு எழுத்துள்ள டி.என்.ஏ.வையே செய்து காட்டியது. பேர் 'ஹச்சிமோஜி', ஜப்பானிய மொழியில் 'எட்டு எழுத்து' என்று அர்த்தம்.

புதுசா ஒரு காரத்தை லேபில் தயாரிப்பது லேசான வேலை இல்லை. அதனால் முதலில் கம்ப்யூட்டரில் வரைந்து பார்க்கிறார்கள். வழி சுலபம்தான். இரண்டு காரங்களின் ஆற்றலைத் தனித்தனியாகக் கணக்கிடுங்க. பிறகு ஜோடியின் ஆற்றல். வித்தியாசம்தான் பிணைப்பின் பலம்.

இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிற இடம். ரொம்பப் பிரபலமான 'பி3எல்ஒய்பி' முறையில் ஓட்டினால் ஜோடி அழகாக வரும். அதே காரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஓட்டிப் பாருங்க, ஒட்டவே ஒட்டாது! நிஜ டி.என்.ஏ.வில் காரங்கள் அப்பளக் கட்டு மாதிரி 3.4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் அடுக்கியிருக்கின்றன. சுருள் கலையாமல் நிற்பதில் இந்த அடுக்குக்குப் பெரிய பங்கு உண்டு. எலக்ட்ரான்களின் நொடிநேர அசைவில் பிறக்கும் அந்த மெல்லிய ஈர்ப்பு, பி3எல்ஒய்பி-யின் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டெஃபான் கிரிம்மே 2010-ல் வெளியிட்ட 'டி3' திருத்தத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும். இன்புட் ஃபைலில் ஒரே ஒரு வார்த்தைதாங்க!

அந்த ஒரு வார்த்தைக்கு என்ன மதிப்புன்னு கேட்டா, ஸ்டான்ஃபோர்டின் எரிக் கூல் செய்ததைப் பாருங்க. 2003-ல் அவர் குழு காரத்துக்குள் ஒரு பென்சீன் வளையத்தைச் செருகியது. ஜோடி 2.4 ஆங்ஸ்ட்ராம் அகலமானது. ஹைட்ரஜன் பிணைப்பு பழையபடியே. இருந்தும் அந்தச் சுருள் சாதாரண டி.என்.ஏ.வை விட உறுதி. காரணம், பெரிய வளையங்கள் நன்றாக அடுக்கிக்கொண்டதுதான். போதாததுக்கு அந்தக் காரங்கள் ஒளிரவும் செய்யும். அடுக்கைப் பார்க்காமல் கணக்குப் போட்டவர் இதை முழுசாகத் தவறவிட்டிருப்பார்.

இன்னும் ஒரு படி மேலே போனவர் ஃபிளாய்ட் ரோம்ஸ்பெர்க். 2014-ல் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் அவர் குழு வைத்த ஜோடிக்கு ஹைட்ரஜன் பிணைப்பே கிடையாது. வடிவப் பொருத்தமும், தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் குணமும் மட்டும்தான். பாக்டீரியா அதையும் நகலெடுத்தது!

கடைசியா ஒரு எச்சரிக்கை. ஐசோகுவானின் என்ற காரத்தில் ஒரு ஹைட்ரஜன் நைட்ரஜனிலிருந்து ஆக்சிஜனுக்குத் தாவினால் போதும், அது தன் ஜோடியை விட்டு டி-யோடு சேர்ந்துவிடும். எந்த வடிவம் நிலைக்கும் என்பது சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. வெற்றிடத்தில் ஒரு விடை வரும், தண்ணீரில் வேறு விடை வரும். எனவே கரைப்பான் மாதிரியைச் சேர்க்காமல் ஓட்டாதீங்க.

உங்க லேப்டாப்பே போதும். 'ஓர்கா' மென்பொருள் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். முதலில் ஏ-டி, ஜி-சி இரண்டையும் ஓட்டுங்க. ஜி-சி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பலமாக வருதான்னு சரிபார்த்துட்டு, அப்புறம் ஏ-யில் பென்சீனைச் செருகுங்க.