இடைநின்றோர் பெற்ற கூலி: மேடொவ் மோசடியும் ஒரு நிதி முகாமை நிறுவனமும்

பிறர் பொருளைப் பெற்று அதனைப் பெருக்கித் தருவதாக ஏற்கும் நிறுவனங்கள் வணிக உலகிற் புதியன அல்ல. ஆயின், பெற்ற பொருளைத் தாமே முதலீடு செய்யாது இன்னொருவர் கையிற் கொடுத்துவிட்டு, அவரைக் கண்காணித்தலையே தம் தொழிலெனக் கூறிக் கூலி பெறும் நிறுவனங்களும் உள. அக்கண்காணிப்புப் பெயரளவினதாய் நின்றுவிடின் விளைவு யாதாகும் என்பதற்கு, நியூயோர்க் நகரிற் செயற்பட்ட பெயர்பீல்ட் கிறெனிச் குழுவின் வரலாறு தக்க சான்றாகும்.

பேர்னாட் மேடொவ் என்பவர் 1960 ஆம் ஆண்டில் அந்நகரிற் பங்குத் தரகு நிறுவனமொன்றைத் தொடங்கினார். நஸ்டாக் பங்குச் சந்தையின் தலைவராகவும் ஒருகால் விளங்கியவராதலின், அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. தரகுத் தொழிலோடு மறைவாக அவர் நடத்திய முதலீட்டுப் பிரிவில் வாடிக்கையாளர் பணத்தாற் பங்குகள் வாங்கப்படவில்லை. பணம் வங்கிக் கணக்கொன்றிற் கிடந்தது. முன்னவர் மீளக் கேட்டபோது பின்னவர் தந்ததை எடுத்துக் கொடுத்தார். 1920 இல் பொஸ்ரன் நகரிற் சார்ள்ஸ் பொன்சி செய்ததும் இதுவே. ஆயின் பொன்சி 90 நாளிற் பணத்தை இரட்டிப்பதாகக் கூறினார்; அவர் ஆட்டம் ஓராண்டுக்குள் முடிந்தது. மேடொவோ ஆண்டுக்கு ஏறக்குறைய 10 வீதமே காட்டினார். அவ்வடக்கமே அறிவுடையோரையும் ஈர்த்த தூண்டில் எனலாம்.

அவர் தம் முறையெனக் கூறியது யாது? பெருங் கம்பனிகள் சிலவற்றின் பங்குகளை வாங்குதல். விலை வீழினும் குறித்த விலைக்கு விற்கும் உரிமையைப் பணங்கொடுத்துப் பெறுதல். அச்செலவை ஈடுசெய்ய, விலை ஏறின் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையைப் பிறர்க்கு விற்றல். இம்முறை பொய்யன்று, பலரும் கையாள்வதே. ஆனால் இதனால் நட்டம் குறையுமேயன்றி அற்றுப்போகாது. 2000 முதல் 2002 வரை மூன்றாண்டும் அமெரிக்கச் சந்தை வீழ்ந்தபோதும் மேடொவின் கணக்குகள் இலாபமே காட்டின. கழிந்த நாட்களின் விலைகளைப் பார்த்து, வாங்கியதாகவும் விற்றதாகவும் பின்னர் எழுதிய கணக்குகள் வேறெதைத்தான் காட்டும்?

பெயர்பீல்ட் கிறெனிச் குழு 1983 இல் உருவாயிற்று. அதன் பெயர்பீல்ட் சென்றி என்னும் நிதியம் 1990 முதல் மேடொவிடம் பணம் செலுத்தி, ஈற்றில் ஏட்டளவில் 700 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையை அவரிடம் வைத்திருந்தது. காட்டப்பட்ட இலாபத்தில் 20 வீதம் குழுவினரின் கூலி. பிற்காலத்தில் முகாமைக் கட்டணமும் சேர்ந்தது. மேடொவ் தமக்கென முகாமைக் கட்டணமோ இலாபப் பங்கோ கேட்கவில்லை, தரகுப்பணம் போதுமென்றார். இத்துணைத் திறமையுடையவர் பெருவருவாயைப் பிறர்க்கு விட்டுக்கொடுப்பது ஏன் என்பதே முதலில் எழுந்திருக்க வேண்டிய வினா. அதனை எழுப்ப வேண்டியவரோ அவ்வருவாயைப் பெற்றவர்.

வேறு அறிகுறிகளும் வெளிப்படையாகவே இருந்தன. முதலீட்டைத் தீர்மானிப்பவர், தரகர், பங்குகளைக் காப்பவர் ஆகிய மூவரும் வேறாயிருத்தல் நல்வழக்கு. இங்கே மூவரும் மேடொவே. அவர் கணக்குகளை ஆய்வுசெய்தது புறநகரொன்றிலிருந்த மிகச் சிறிய கணக்காய்வகம். பொஸ்ரன் நகரின் நிதி ஆய்வாளர் ஹரி மார்க்கொபொலொஸ், மேடொவ் கூறிய தொகைக்குக் காப்பளிக்கப் போதிய உரிமை ஒப்பந்தங்கள் சந்தையிலேயே இல்லை எனக் கணக்கிட்டு, 2000 முதல் அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்குப் பலமுறை அறிவித்தார். 2005 டிசெம்பரில் அவ்வாணைக்குழு பெயர்பீல்ட் அலுவலரை வினவ முற்பட்டபோது, எவ்வாறு விடை பகர்வதென மேடொவே அவர்களுக்குத் தொலைபேசியிற் சொல்லிக்கொடுத்தார். 2006 இல் மேடொவையே விசாரித்த ஆணைக்குழு, பங்குகள் இருப்பதாக அவர் கூறிய மத்திய வைப்பகத்திற் சரிபார்க்காது விட்டது. ஒரு வினாவோடு முடிந்திருக்கக்கூடிய செய்தி மேலும் ஈராண்டு நீண்டது.

2008 இன் நிதி நெருக்கடியில் முதலீட்டாளர் பணத்தை மீளக் கேட்கவே, கொடுப்பதற்கு வழியற்றுப்போயிற்று. டிசெம்பர் 11 இல் மேடொவ் கைதானார். ஏட்டிற் காட்டிய தொகை ஏறத்தாழ 6,500 கோடி டொலர். உண்மையாகச் செலுத்தி இழந்த முதல் அதன் மூன்றிலொரு பங்கினும் குறைவு. 2009 இல் 150 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற அவர் 2021 இற் சிறையிலே மாண்டார். பெயர்பீல்ட் குழுவினர் தாமும் ஏமாற்றப்பட்டோர் என்றே வாதித்தனர். அவர்தம் சொந்தப் பணமும் அதில் இருந்தது மெய்யே. எனினும் மேற்கூறிய தொலைபேசி உரையாடல் மசாச்சுசெட்ஸ் மாநிலம் 2009 ஏப்ரிலிற் கொணர்ந்த முறைப்பாட்டில் இடம்பெற்றது. அதே ஆண்டில், குற்றத்தை ஏற்றுக்கொள்ளாமலே, அம்மாநில முதலீட்டாளர்க்கு ஈடுசெய்யவும் 5 இலட்சம் டொலர் தண்டம் செலுத்தவும் குழு இணங்கிற்று.

நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் 1,400 கோடி டொலருக்கு மேல் மீட்டார். இட்டதினும் கூடுதலாக எடுத்தோர், பெற்றது பிறர் முதலேயாதலின் திருப்பித்தர வேண்டியவராயினர். ஆயின் இடைநின்ற நிதியங்களின் வழியாகப் பணமிட்டோர் நிலை வேறு. அவர்கள் மேடொவின் வாடிக்கையாளர் அல்லர், நிதியத்தின் வாடிக்கையாளரே என நீதிமன்றங்கள் தீர்த்தமையால், பொறுப்பாளரிடம் நேரே உரிமை கோர முடியவில்லை. கண்காணிப்புக்கென ஆண்டுதோறும் கூலி கொடுத்த அவர்களுக்கு, இழந்தோர் என்னும் பெயருங்கூடச் சட்டத்தில் உடனே கிட்டவில்லை. அமெரிக்க நீதித் திணைக்களம் வேறாக அமைத்த நிதியமே அவர்களையும் ஏற்றது. அது 127 நாடுகளில் 40,000 இற்கு மேற்பட்டோர்க்குப் பகிர்ந்தளித்து, 2024 டிசெம்பரில், மேடொவ் கைதாகிப் பதினாறு ஆண்டு கழிந்தபின், தன் இறுதிக் கொடுப்பனவைத் தொடங்கிற்று.